மூன்றாவது உட்பிரிவு எங்கே போனது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் வீட்டுக் கல்வி பற்றிய உங்கள் தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தில் பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன். அப்படிப் படிக்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு அதிகாரிகள் வந்து பார்ப்பதை ஆதரித்து, "மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் அதிகாரிக்குக் கதவைத் திறக்க ஏன் தயங்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு அலமாரியையும் வருடத்துக்கு ஒரு முறை யாராவது வந்து பார்த்துவிட்டுப் போகலாமா என்று நான் திருப்பிக் கேட்கப்போவதில்லை. மரியாதை தடுக்கிறது.

நானும் பிள்ளைகளை வீட்டில் படிக்கவைப்பவள்தான். கதவைத் திறந்தவள். வந்தது இரண்டு பேர். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. என்ன படிக்கிறாள் என்று பார்ப்பார்கள் என நம்பி, அவளுடைய நோட்டுகள், பின்னக் கணக்குக்காக நாங்கள் வெட்டி வைத்திருந்த அட்டை வட்டங்கள், ஒரு வருடமாக அவள் எழுதிவந்த பறவைக் குறிப்புகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்திருந்தேன். ஒருவர் மேலே இருந்த நோட்டை மட்டும் புரட்டினார், அதுவும் தேதி போட்டிருக்கிறதா என்று பார்க்க. இன்னொருவர் அவள் எங்கே தூங்குகிறாள் என்று கேட்டு, அந்த அறையை எட்டிப் பார்த்தார். பறவைக் குறிப்புகளை யாரும் தொடக்கூட இல்லை. அப்புறம் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார்கள். அம்மா அடிப்பாரா, நண்பர்கள் உண்டா, பள்ளிக்குப் போக ஆசை இல்லையா.

அன்று இரவு அவள் கேட்டாள்: "நான் தப்பா பதில் சொல்லியிருந்தா என்னைக் கூட்டிட்டுப் போயிருப்பாங்களாம்மா?"

அப்படியெல்லாம் நடக்காது என்றேன். அது முழு உண்மை இல்லை என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஜெர்மனியில் 2013 ஆகஸ்டில் ஒரே வீட்டின் நான்கு பிள்ளைகளை அதிகாரிகள் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் வீடு திரும்பினார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த பெற்றோர் அவர்கள். 2019-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதில் உரிமை மீறல் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது.

என் மூத்த மகன் பள்ளிக்குப் போனவன்தான். மூன்று வருடம். எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராமலேயே ஒவ்வொரு வகுப்பாக ஏறிக்கொண்டிருந்தான். அப்போது எந்த அதிகாரியும் கவலையோடு எங்கள் கதவைத் தட்டவில்லை. அவனை வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்து, அவன் தானாகப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் மேல் அக்கறை பிறந்தது.

1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆவது பிரிவையும் எடுத்துக்காட்டியிருக்கிறீர்கள். தொடக்கக் கல்வி கட்டாயம் என்று முதல் உட்பிரிவில் இருப்பது உண்மை. ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டீர்கள். பிள்ளைகளுக்கு எந்த வகைக் கல்வி தருவது என்று தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை பெற்றோருக்கே என்கிறது மூன்றாவது உட்பிரிவு. இவ்வளவு படித்த நீங்கள் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. இடம் போதவில்லை போலும்.

கல்வி கட்டாயம் என்பதும் பள்ளி கட்டாயம் என்பதும் ஒன்றா? பிரான்ஸில் 1882-ல் கல்வியைக் கட்டாயமாக்கிய சட்டமே, அதை வீட்டிலும் தரலாம் என்று இடம் விட்டிருந்தது. 2021-ல் சட்டத்தை மாற்றினார்கள். அதுவரை தகவல் சொன்னால் போதும், 2022 முதல் அனுமதி வாங்க வேண்டும். இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமோ, பள்ளியிலோ வேறு வகையிலோ பிள்ளையைப் படிக்கவைப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அந்த "வேறு வகை"யில்தான் அங்கே எங்களைப் போன்றவர்கள் குடியிருக்கிறார்கள்.

2020-ஐயும் மறந்திருக்க மாட்டீர்கள். உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். "பெற்றோரே, நீங்களே சொல்லிக்கொடுங்கள்" என்று உங்கள் பத்திரிகையே பக்கம் பக்கமாக யோசனை தந்தது. அப்போது எங்களுக்கு இருந்த தகுதி பள்ளி திறந்த அன்று எங்கே போயிற்று என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக் கல்வி என்ற பெயரில் பிள்ளையை அடைத்து வைத்து வதைப்பவர்களும் இருக்கிறார்கள். மறுக்கவில்லை. சந்தேகத்துக்குக் காரணம் இருந்தால் வரட்டும், சட்டம் கையில்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை பிள்ளை படித்ததைக் காட்டச் சொன்னால் அதற்கும் நான் தயார். பிள்ளை தூங்குகிற அறையைக் காரணமே இல்லாமல் பார்ப்பது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

சரி, என் வேண்டுகோள் சின்னது. தலையங்கத்தில் எங்கள் பிள்ளைகளை "படிப்பை நிறுத்தியவர்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் ஒருநாளும் நிறுத்தவில்லை. "வீட்டில் படிப்பவர்கள்" என்று திருத்தம் போடுங்கள். போன வருடம் என் கடிதத்தின் முதல் பத்தியை மட்டும் அச்சிட்டு, கீழே "சுருக்கப்பட்டது" என்று போட்டீர்கள். இந்த முறை வெட்டத்தான் வேண்டும் என்றால் முதல் பத்தியையே வெட்டிவிடுங்கள், மூன்றாவது உட்பிரிவு இருக்கும் பத்தியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி