மாமனாரின் பழைய ரிவால்வர்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் மாமனார் விட்டுப்போன ரிவால்வரை அவருடைய நினைவு நாளில் ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்க்க வேண்டும் என்று உன் மனைவி ஆசைப்படுவதாக எழுதியிருந்தாய். அந்த ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுட வேண்டாம்.

கைப்பிடியில் ஆந்தைத் தலை, மேலே இருக்கும் கொண்டியைத் தூக்கினால் குழல் முன்பக்கமாக மடிகிறது என்கிறாய். அப்படியானால் அது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிட்ச்பர்க் ஊரில் இருந்த ஐவர் ஜான்சன் கம்பெனி செய்தது. சாதாரண குடும்பங்கள் வாங்கி மேஜை டிராயரில் போட்டு வைத்த மலிவான ரகம். 1901-ல் பஃபலோ நகரில் அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டதும் இதே கம்பெனியின் .32 ரிவால்வர்தான்.

இதில் முக்கியமான விஷயம் அது எந்த வெடிமருந்துக்காகச் செய்யப்பட்டது என்பது. முதல் இரண்டு மாடல்களும் கருமருந்து, அதாவது பழைய காலத்துக் கறுப்பு வெடிமருந்து, அடைத்த தோட்டாக்களுக்காக வந்தவை. 1909-க்குப் பிறகு வந்த மூன்றாம் மாடலைத்தான் புகையில்லா மருந்தைத் தாங்கும்படி செய்தார்கள். இன்றைக்குக் கடையில் வாங்கும் தோட்டா எல்லாமே பொதுவாகப் புகையில்லா மருந்துதான், அதன் அழுத்தம் ஏறும் வேகமே வேறு. அதனால் "மாமா சுட்டபோது நன்றாகத்தானே இருந்தது" என்பது இங்கே செல்லாது. எந்த மாடல் என்று பார்க்க, கொண்டியைத் திறந்து சிலிண்டரில் தோட்டா போடும் எல்லா அறையும் காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்துவிட்டு, கைப்பிடித் தகட்டின் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்று. உள்ளே பட்டையான ஸ்பிரிங் இருந்தால் கருமருந்துக் காலத்தது, அத்தோடு பேச்சு முடிந்தது. சுருள் ஸ்பிரிங் இருந்தால் மூன்றாம் மாடல். அப்போதும் அவசரப்படாதே.

காலியாக வைத்தே குழலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார், பழைய இரும்புக் கேட்டின் கீல் மாதிரி கடகடவென்று ஆடினால் அந்தக் கொண்டியை நம்பவே முடியாது, ஏனென்றால் சுடும்போது மொத்த விசையையும் தாங்குவது அதுவும் கீழே இருக்கும் கீல் ஆணியும்தான். அப்புறம் ட்ரிகரை முழுக்க இழுத்துப் பிடித்தபடி (பின்னால் இருக்கும் சுத்தியலான ஹேமரைக் கட்டை விரலால் மெல்ல இறக்கிவிடு, இல்லாவிட்டால் பழைய ஸ்பிரிங் உடைந்துவிடலாம்) சிலிண்டரை அசைத்துப் பார். அந்த நிலையிலும் தாராளமாக ஆடினால் அறையும் குழலும் நேர்க்கோட்டில் நிற்காது. குண்டு குழலின் விளிம்பில் இடித்து, ஈயத் துணுக்குகள் பக்கவாட்டில் தெறிக்கும், பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கே ஆபத்து. குழலின் உள்ளே வளையம் மாதிரி ஒரு வீக்கம் தெரிந்தால், எப்போதோ ஒரு குண்டு சிக்கி, அதன் பின்னாலேயே அடுத்ததையும் சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தோட்டாவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உன்னுடையது .38 என்றால் அதற்குரியது .38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) என்ற தோட்டா. கடைக்காரர் ".38" என்று காதில் விழுந்ததும் .38 ஸ்பெஷலை எடுத்து நீட்டக்கூடும். அது நீளமானது, அழுத்தமும் அதிகம். பொதுவாக உள்ளே போகாது, ஆனால் அறைகளை நேராகத் துளைத்த சில பழைய ரிவால்வர்களில் போய்விடும், அதுதான் பயமே.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் கடைசி வார்த்தை துப்பாக்கி பழுது பார்ப்பவருடையது. அவர் சரி என்றாலும் என் பதில் மாறாது. ஏறக்குறைய நூறு வருஷமோ அதற்கு மேலோ ஆன மலிவு இரும்பு, உள்ளே விழுந்த விரிசல் வெளியே தெரியாது, ஒரு நினைவஞ்சலிக்காக உன் மனைவியின் விரல்களைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, நீ இன்னும் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில்தானே இருக்கிறாய்? வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகளைத் தவிர, அந்த விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். 1898 வரை செய்ததைப் பழம்பொருள் என்று தனியாக வைத்திருக்கிறார்கள், ஆனால் உன்னுடையது எந்த வருஷம் என்று தெரியாமல் அதை நம்பாதே. ஒரு வக்கீலிடம் கேட்கும் வரை நீ தொடாதே, மேலே சொன்ன பரிசோதனையெல்லாம், இந்தத் தடை அவளுக்கு இல்லை என்றால், உன் மனைவியே செய்யட்டும்.

டிராயரில் கிடக்கும் அந்தப் பழைய தோட்டாக்களை எதிலும் போட்டுப் பார்க்காதீர்கள். பல ஊர்களில் போலீஸே வாங்கிக்கொள்வார்கள், உன் மனைவியை முதலில் போன் செய்து கேட்கச் சொல்.

அன்புடன்,
அண்ணன்