திரைப்படக் கழகச் செயலாளரின் ஆண்டறிக்கை: ‘ரோஹோ’வும் ஓர் ஆட்சிக் கவிழ்ப்பின் முன்னாட்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கழகத்தின் மூத்த உறுப்பினர்களே, நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி, மாதம் ஒரு படம் பார்த்துக் கலைந்து செல்லும் வழக்கத்தை இந்த ஆண்டு நிறுத்திவைத்து, ஒரே படத்தை எடுத்துக்கொண்டு ஆற அமரப் பேசினோம். அதற்காகச் செயற்குழு தேர்ந்தெடுத்தது, அர்ஜென்டினா இயக்குநர் பெஞ்சமின் நைஷ்டாட் எடுத்து 2018இல் வெளிவந்த ‘ரோஹோ’. அந்த ஆண்டின் சான் செபாஸ்தியான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர், சிறந்த ஒளிப்பதிவு ஆகிய மூன்று விருதுகளையும் பெற்ற படம் இது. ஆண்டு முழுவதும் நம் பேச்சு இதைச் சுற்றியே இருந்ததால், இவ்வறிக்கையும் அதைப் பற்றியதாகவே அமைகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

திரையிடலுக்கு முன்பே அர்ஜென்டினாவின் அந்தக் காலத்து நிலவரத்தை விளக்கும் அமர்வு ஒன்றை நடத்தினோம். படம் நடப்பது 1975இல், பெயர் சொல்லப்படாத ஒரு மாகாண நகரத்தில். ராணுவம் ஆட்சியைப் பிடித்தது 1976 மார்ச் 24 அன்று. அதுவரை நாட்டை ஆண்டவர், கணவர் ஹுவான் பெரோன் 1974 ஜூலை 1 அன்று இறந்தபின் பதவிக்கு வந்த இசபெல் பெரோன். 1975 ஜூனில் பொருளாதார அமைச்சர் செலஸ்தினோ ரொட்ரிகோ நாணய மதிப்பை ஒரே அடியாகப் பாதிக்கும் கீழே இறக்கி, எரிபொருள் விலையையும் ஏற்றியதில் நாடு நிலைகுலைந்தது. சமூகநல அமைச்சராக இருந்த லோபஸ் ரேகாவின் நிழலில் வளர்ந்த ‘மூன்று ஏ’ என்ற கொலைப்படை, இடதுசாரிகளையும் தொழிற்சங்கத்தாரையும் எழுத்தாளர்களையும் ஏற்கெனவே வேட்டையாடிக்கொண்டிருந்தது. அந்த அமர்வில் பலரை நிமிர்ந்து உட்கார வைத்த செய்தி வேறொன்று. துகுமான் மாகாணத்தில் கிளர்ச்சியாளர்களை ‘ஒழித்துக்கட்டும்’ பொறுப்பை 1975 பிப்ரவரியில் ராணுவத்திடம் ஒப்படைத்ததும், அதே ஆண்டு அக்டோபரில் அந்த அதிகாரத்தை நாடு முழுவதற்கும் விரித்ததும், தேர்தலில் வந்த அரசின் ஆணைகள்தாம். ராணுவத்தார் அரண்மனைக்குள் நுழையும்போது அவர்களுக்கான கதவு வெகுநாளாகத் திறந்தே கிடந்தது. படத்தை இந்தப் பின்னணியோடு பார்த்தது பெரிதும் உதவியது என்பதே உறுப்பினர்கள் பலரின் கருத்து.

படத்தின் தொடக்கம் ஓர் எளிய வீட்டின் முகப்பு. கேமரா அசைவதில்லை. கதவைத் திறந்துகொண்டு ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வெளியே வருகிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் அந்த வீட்டுச் சாமான் ஏதோ ஒன்று இருக்கிறது. யாரும் ஓடவில்லை, ஒளியவில்லை. குடியிருந்தவர்கள் எங்கே என்று படம் சொல்வதில்லை, எடுத்துச் செல்பவர்களும் கேட்பதில்லை. வசனமே இல்லாத இந்தக் காட்சியை நாம் கலந்துரையாடலின்போது மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். பின்னால் வரும் அத்தனையும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னதை நான் முழுமனதாக ஏற்கிறேன்.

அடுத்தது உணவகக் காட்சி. நகரில் மதிப்போடு வாழும் வழக்கறிஞர் கிளௌதியோ மனைவிக்காகக் காத்திருக்கிறார். இடம் கிடைக்காத ஓர் அந்நியன், சாப்பிடாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்ன நியாயம் என்று அவரிடம் சண்டைக்கு வருகிறான். கிளௌதியோ எழுந்து இடத்தை விட்டுக்கொடுக்கிறார். கொடுத்துவிட்டு, நின்றபடியே, குரலை உயர்த்தாமல், அவனுடைய வளர்ப்பையே குறைசொல்லி அந்தக் கூடம் கேட்க ஓர் உரை நிகழ்த்துகிறார். அதில் தரக்குறைவான சொல் ஒன்றுகூட இல்லை, ஆனால் அந்த மனிதன் அங்கேயே நொறுங்கிப்போகிறான். அவன் கத்திக் கூச்சலிட, வெளியே தள்ளுகிறார்கள், மற்றவர்கள் விட்ட இடத்திலிருந்து சாப்பிடத் தொடங்குகிறார்கள். இரவு வழிமறிக்கும் அவன் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். உயிர் போகாத அவனை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதாக மனைவியிடம் சொல்லும் கிளௌதியோ, பாலைநிலத்தில் கிடத்திவிட்டு வீடு திரும்புகிறார்.

இதற்குப் பிறகு படம் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, அது சில உறுப்பினர்களுக்கு அலுப்பூட்டியது. கிளௌதியோவின் நண்பர், தொடக்கக் காட்சியில் பார்த்த, ஆளில்லாமல் கிடக்கும் அந்த வீட்டைச் சல்லிசாக வளைத்துப்போட வழி கேட்கிறார். சட்டம் படித்தவர் முதலில் தயங்கிவிட்டு, பின் வழியையும் சொல்லித் தருகிறார். காணாமல் போன உணவகத்து அந்நியனைத் தேடிச் சிலி நாட்டைச் சேர்ந்த சின்கிளேர் என்ற துப்பறிவாளர் வருகிறார். சிலியில் ராணுவம் 1973 செப்டம்பர் 11 அன்றே ஆட்சியைப் பிடித்துவிட்டது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால்தான், பக்தியும் படாடோபமும் கலந்த இந்த மனிதரின் வருகைக்குப் பொருள் விளங்கும். அவர் உண்மையைக் கண்டுபிடித்தும் விடுகிறார். ஆனாலும் கைது இல்லை, வழக்கு இல்லை.

கலந்துரையாடலில் மிகக் கடுமையான வாக்குவாதம் படத்தின் நகைச்சுவையைப் பற்றியே எழுந்தது. ராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் கடத்திக் கொல்லப்பட்ட வரலாற்றில் சிரிப்புக்கு என்ன இடம் என்று இரண்டு உறுப்பினர்கள் மனம் புண்பட்டுக் கேட்டார்கள். பின்னர் அரசு அமைத்த ஆணையம் 1984இல் தந்த அறிக்கையில் காணாமல் போனோர் என 8,961 பேரைப் பதிவு செய்தது, மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆயினும் என் கருத்தை இங்கே பதிவுசெய்வது கடமை என்று எண்ணுகிறேன். இந்தப் படம் பாதிக்கப்பட்டவர்களை ஓரிடத்திலும் சிரிப்புக்கு ஆளாக்கவில்லை. நாம் சிரிப்பது கிளௌதியோவின் மிடுக்கைப் பார்த்து, அமெரிக்கக் கௌபாய்களுக்கு நகரத்தார் காட்டும் பவ்வியத்தைப் பார்த்து, மேடையில் ஒரு பெண்ணை மறைய வைக்கும் மந்திரக்காரனுக்குக் கிடைக்கும் கைதட்டலைப் பார்த்து. மனிதர்கள் உண்மையிலேயே மறைந்துகொண்டிருக்கும் ஓர் ஊரில் அந்தக் கைதட்டல் எழுகிறது என்பது உறைக்கும்போது நம் சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. சித்திரவதைக் கூடத்தைக் காட்டியிருந்தால் நாம் கண்ணீர் விட்டு, குற்றத்தை ராணுவத்தின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நிம்மதியாக வீடு போயிருப்போம். நைஷ்டாட் அந்த நிம்மதியைத் தர மறுக்கிறார். படத்தில் பெரிய கொடியவன் என்று ஒருவனும் இல்லை, வாயை மூடிக்கொண்டு ஆதாயம் பார்த்த கண்ணியவான்கள்தாம் இருக்கிறார்கள்.

திரைமொழி பற்றி ஒளிப்பதிவில் ஈடுபாடுள்ள இளைய உறுப்பினர் ஒருவர் பேசியது அருமையாக இருந்தது. பிரேசிலைச் சேர்ந்த பெத்ரோ சொத்தேரோவின் கேமரா எழுபதுகளின் படங்களைப் போலவே மெல்ல ஜூம் செய்து முகங்களை நெருங்குவதையும், மங்கிய பழுப்பு நிறங்களையும், சூரிய கிரகணக் காட்சியில் திரை முழுவதும் சிவப்பு பரவுவதையும் அவர் காட்சி காட்சியாக நிறுத்திக் காட்டினார். கிளௌதியோவாக வரும் தாரியோ கிராந்தினெத்தி, சின்கிளேராக வரும் ஆல்ஃபிரெதோ காஸ்த்ரோ இருவரும் பாலைநிலத்தில் எதிரெதிரே நிற்கும் காட்சியை நடிப்புப் பயிற்சியில் உள்ளவர்கள் பாடமாகவே பார்க்கலாம்.

இந்த முறையையே வரும் ஆண்டும் தொடரவேண்டும் என்று செயற்குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது. ‘ரோஹோ’ நிறுத்திய இடத்திலிருந்து மேலே செல்ல, காணாமல் போனோரின் குழந்தைகளுக்கு நேர்ந்ததைப் பேசும், ஆஸ்கர் விருது பெற்ற லூயிஸ் புயென்ஸோவின் ‘லா இஸ்தோரியா ஒஃபிஸியால்’ படத்தையும், ராணுவத் தலைவர்கள் மீதான வழக்கைச் சொல்லும் சந்தியாகோ மித்ரேயின் ‘அர்ஜென்டினா, 1985’ படத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் எண்ணம். வீதேலாவுக்கும் மஸ்ஸேராவுக்கும் ஆயுள் தண்டனை விதித்த அந்தத் தீர்ப்பின் பின்னணியைத் திரையிடலுக்கு முன் விளக்க, சட்டம் பயின்ற உறுப்பினர்கள் முன்வர வேண்டுகிறேன்.

தமிழில் கதைச்சுருக்கமும் காலவரிசையும் தயாரித்துத் தந்த உறுப்பினர்களுக்கும், கூடம் தந்து உதவியவர்களுக்கும், மாற்றுக் கருத்தை மறைக்காமல் சொன்ன அந்த இரு நண்பர்களுக்கும் கழகத்தின் சார்பில் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்