சித்தப்பா, அந்த ரிவால்வர் விஷயம்

அன்புள்ள சித்தப்பா,

வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டிவிடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். உங்களைப் போல யோசிக்கிற மற்றவர்களும் படிக்கட்டும்.

அடுத்த தெருவில் பீரோ உடைத்த நாளிலிருந்து ரிவால்வர் லைசென்ஸ் பேச்சுதான் ஓடுகிறதாம், சித்தி சொன்னார். பயம் நியாயம்தான். பெங்களூரு ஓரத்தில், காடுகோடி தாண்டி, பாதி மனை காலியாகக் கிடக்கிற லேஅவுட்டில் வயதான இரண்டு பேர் தனியாக இருந்தால் எனக்கும் தூக்கம் வராது.

எதிர்வீட்டுக் கொடவர், அந்தக் குடகுக்காரர், துப்பாக்கி வைத்திருக்கிறாரே என்கிறீர்கள். அவர் கதை வேறு. கொடவர் சமூகத்தினருக்கும், குடகில் ஜம்மா என்கிற பரம்பரை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே லைசென்ஸ் விலக்கு உண்டு. 2019இல் அதை 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். கைல்போது பண்டிகையில் பூ வைத்துக் கும்பிடுகிற பொருள் அவர்களுக்கு அது. நமக்கு ஆயுத பூஜை என்றால் ஸ்கூட்டரும் அரிவாள்மனையும்தான்.

நீங்கள் போலீஸ் கமிஷனரிடம் விண்ணப்பித்து, உயிருக்கு என்ன ஆபத்து என்று காரணம் சொல்ல வேண்டும். போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்றிதழ், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல். .32 ரிவால்வர் லட்சத்தில் பேசும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2023இல் சட்டமன்றம், 2024இல் நாடாளுமன்றம் என்று இங்கே தேர்தலுக்கா பஞ்சம்?

அலைச்சலை விடுங்கள். அடுத்த தெருவில் திருடு போனபோது அந்த வீட்டுக்காரர் குடும்பத்தோடு திருப்பதியில் இருந்தார். அவரிடம் பீரங்கியே இருந்திருந்தாலும் நகையோடு அதுவும் போயிருக்கும். துப்பாக்கி இருப்பது தெரிந்தால்தான் திருடன் பயப்படுவான். தெரிந்துவிட்டால் ஆள் இல்லாத நாளில் அதையும் எடுக்கத்தான் வருவான். அப்புறம் அதை வைத்து எவனோ எங்கோ செய்கிற காரியத்துக்கு நீங்கள் ஸ்டேஷன் படி ஏற வேண்டும்.

சரி, வீட்டில் இருக்கும்போதே வந்தால்? பேரன் வந்து போகிற வீடு, குண்டு போட்டுத் தலையணைக்கடியில் வைக்க முடியாது. இரவு இரண்டு மணிக்குக் கண்ணாடியைத் தேடி, லாக்கர் சாவியைத் தேடி, மாத்திரை மயக்கத்தில் குண்டைப் போட்டு நிமிர்வதற்குள் அவன் ஹாலுக்கு வந்துவிடுவான். இருட்டில் எழுந்து வருவது சித்தியாகவும் இருக்கலாம். இதைத்தான் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. இரவில் வீட்டை உடைத்து நுழைகிறவனைத் தடுக்க, வேறு வழியே இல்லாவிட்டால், உயிரைப் பறிக்கும் அளவுக்குக்கூட பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றவியல் சட்டத்தில் தற்காப்பு உரிமை உண்டு. ஆனால் தேவைக்கு மேல் போகக்கூடாது. மதில் ஏறி ஓடுகிறவனை முதுகில் சுட்டால் கேஸ் உங்கள் மேல்தான்.

திருடன் பார்ப்பது வாசலை. வெளியே தொங்கும் பூட்டு, கேட்டுக்குள் கிடக்கும் மூன்று நாள் பேப்பர், காய்ந்த கோலம். நீங்கள் ஊருக்குப் போனால் இந்த மூன்றும் அப்படியே இருக்கும். கிரில்லுக்கு உள்பூட்டு போடுங்கள், பேப்பரை நிறுத்துங்கள், கோலத்துக்கு வேலைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நகை பேங்க் லாக்கருக்குப் போகட்டும். ஏதாவது சத்தம் கேட்டால் கதவைத் திறக்காமல் 112 அடியுங்கள். கொடவருக்கும் ஒரு போன்.

ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனோடு வருகிறேன், பின்பக்கம் ஆள் நடந்தால் எரிகிற விளக்கு மாட்ட. அதுவரை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்