மிலம் போக ஒன்பது நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் உத்தராகண்ட் மாநிலத்தில் திபெத் எல்லையை ஒட்டிய மிலம் கிராமத்துக்கு நடந்து போவதைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் பிரமாதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டுரையின் கடைசியில் கட்டம் கட்டி ‘சென்னையிலிருந்து சென்னைக்கு ஒன்பது நாள்’ என்று ஓர் அட்டவணை போட்டிருந்தீர்களே, அதை நம்பி எனக்குத் தெரிந்தவர்களே லீவு எழுதிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் டெல்லிக்கு மூன்றாம் நாள் காலைதான். அன்று இரவே ராணிகேத் எக்ஸ்பிரஸ் பிடித்தால் மறுநாள் விடியலில் காத்கோதாம். அங்கிருந்து அல்மோரா, பாகேஸ்வர், தல் வழியாக, நடைக்குப் புறப்படும் ஊரான முன்சியாரிக்கு ஷேர் ஜீப்பில் ஒரு முழுப் பகல், அதுவும் வழியில் எங்கேயும் மண் சரியாமல் இருந்தால். ஆக மலையில் ஓர் அடி எடுத்து வைப்பதற்கு முன்பே நாலு நாள் போய்விட்டது. விமானத்தில் டெல்லி போகிறவர்களுக்கு ஒன்றரை நாள் மிச்சமாகும், அவ்வளவுதான். முன்சியாரியிலிருந்து மிலம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். எல்லைச் சாலை அமைப்பு அந்தப் பள்ளத்தாக்கில் பல வருடமாகச் சாலை போட்டுக்கொண்டிருக்கிறது, ஆனால் ஜீப் எதுவரை போகும் என்பது அந்த வாரம் பாறை எங்கே விழுந்து கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. அப்புறம் கோரி கங்கை ஆற்றை ஒட்டி நடைதான்: லிலம், புக்டியார், ரில்கோட், மிலம். ஊர்க்காரர்கள் விறுவிறுவென்று போய்விடுவார்கள், நமக்கு ஏற நாலு நாள், இறங்க மூன்று நாள் வேண்டும். எல்லைப் பகுதிக்குள் போக வேண்டிய பெர்மிட்டுக்கு ஒரு நாள், மிலத்தில் உட்கார ஒரு நாள். விமானத்தில் போய் வந்தாலும் ஏறக்குறைய இரண்டு வாரம், ரயில் என்றால் இரண்டு வாரம் தாண்டிவிடும். இதற்கு மேல் இரண்டு மூன்று நாள் சும்மா கையில் வைத்திருக்க வேண்டும். நான் சண்டை போடுவது முக்கியமாக அந்தச் சும்மா நாள்களுக்காகத்தான். உங்கள் அட்டவணையில் அப்படி ஒன்றுகூட இல்லை.

அது ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2024 அக்டோபர் 16 அன்று அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் ராஜீவ் குமார் ஹெலிகாப்டரில் மிலத்துக்குக் கிளம்பினார். வழியில் வானிலை மோசமாகி, முன்சியாரிக்கு மேலே இருக்கும் ரலம் என்ற கிராமத்தில் அவசரமாக இறங்க வேண்டியதாயிற்று. ஊரில் ஆளே இல்லை, குளிருக்குப் பயந்து எல்லோரும் கீழே போயிருந்தார்கள். ஆளில்லாத ஒரு வீட்டில் ராத்திரியைக் கழித்து மறுநாள் காலையில்தான் அவரால் வெளியே வர முடிந்தது. அவருக்கே அந்த நிலைமை என்றால், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் வைத்திருக்கும் நாம் எம்மாத்திரம்? அதற்கு முந்தின மாதம்தான் ஆதி கைலாஷ் யாத்திரை போன கடலூர் மாவட்டத்துக்காரர்கள் 30 பேர் மண்சரிவில் மாட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். அதுவும் மிலம் இருக்கும் இதே பித்தோராகர் மாவட்டம்தான். அக்டோபர் என்றால் மழை விட்டிருக்கும், வானம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், பெரும்பாலும் உண்மைதான், ஆனால் 2021 அக்டோபர் 17 முதல் 19 வரை உத்தராகண்டின் குமாவோன் பகுதியில் பேய்மழை கொட்டி, பக்கத்து மாவட்டத்தில் சுந்தர்துங்கா பள்ளத்தாக்குக்குப் போன மலையேறிகள் சிலர் திரும்பவே இல்லை. திரும்பும் டிக்கெட் தேதி நெருங்குகிறதே என்ற பதற்றத்தில்தான் பலர் மோசமான வானிலையிலும் நடக்கிறார்கள். கையில் இரண்டு நாள் இருப்பவர் ரில்கோட்டில் டீ குடித்துக்கொண்டு மழை விடட்டும் என்று உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று, எப்போது போவது என்பதை நம் லீவை வைத்து முடிவு செய்ய முடியாது, அந்த ஊர்க்காரர்கள் எப்போது மேலே இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மிலம் ஜோஹார் பள்ளத்தாக்கின் ஷௌகா மக்களின் கிராமம். தானியமும் வெல்லமும் திபெத்துக்குக் கொண்டுபோய், கம்பளியும் உப்பும் வெண்காரமும் வாங்கி வந்த வியாபாரிகள். ஒரு காலத்தில் குமாவோனிலேயே பெரிய கிராமங்களில் ஒன்று. 1962 போரோடு எல்லை மூடியது, வியாபாரம் நின்றது, குடும்பங்கள் முன்சியாரிக்கும் சமவெளிக்கும் இறங்கிவிட்டன. இப்போது கூரை விழுந்த கல்வீடுகள்தான் அதிகம். சில குடும்பங்கள் மட்டும் மே, ஜூனில் ஆடுகளோடு ஏறி, உருளைக்கிழங்கும் மூலிகையும் பயிர் செய்து, அக்டோபரில் இறங்கிவிடும். அவர்கள் இருந்தால்தான் நமக்குப் படுக்க இடம், பருப்பும் சோறும் ரொட்டியும். நவம்பரில் தீபாவளி லீவைச் சேர்த்துக்கொண்டு போனால் பூட்டுகளைத்தான் பார்க்கலாம். ஜூலை, ஆகஸ்டில் ஊரில் ஆள் இருப்பார்கள், மழையில் வழிதான் இருக்காது. மே கடைசியில் போகிறவர்கள் புக்டியாருக்கு மேலே குளிர்காலப் பனிச்சரிவுகள் பாதையின் குறுக்கே உறைந்து கிடப்பதைக் கடக்க வேண்டிவரும், உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அதில் கால் வைக்காதீர்கள். என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும்தான் சரி.

கட்டுரையாளர் நந்தாதேவி சிகரத்துக்கு அரைப் பக்கம் கொடுத்துவிட்டு நயின் சிங் ராவத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது எனக்குக் கொஞ்சம் வருத்தம். 1830இல் பிறந்த மிலம்காரர், பிரிட்டிஷ் இந்தியாவின் நில அளவைப் பணிக்காக ரகசியமாக, யாத்ரீகர் வேடத்தில் 1866இல் லாசா வரை போனவர். 108 மணி இருக்க வேண்டிய ஜபமாலையில் 100 மணி வைத்து, நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளி, வழி முழுக்க அளந்திருக்கிறார். அவரை அனுப்பிய அந்த நில அளவைப் பணி 1802இல் நம் பரங்கிமலைப் பக்கம் ஆரம்பித்தது. தமிழ்ப் பத்திரிகையில் இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

சரி, உயரம். “வெள்ளியங்கிரி ஏழாவது மலை ஏறியாச்சு, இமயமலை என்ன பெரிசா” என்று கேட்பவர்கள் நிறைய. வெள்ளியங்கிரி 1,800 மீட்டருக்குள். நடை ஆரம்பிப்பதற்கு முன் நாம் தங்கும் முன்சியாரி ஊரே 2,200. தென்னிந்தியாவின் உச்சி ஆனைமுடி 2,695. ரில்கோட் 3,000 மீட்டருக்கு மேல், மிலம் சுமார் 3,400. படியேறிப் பழகிய கால் உதவும், ஆனால் காற்று மெலிந்த இடத்தில் உடம்பு பழக நாள்தான் வேண்டும், அதற்கு வேறு குறுக்குவழி கிடையாது. 3,000 மீட்டருக்கு மேலே, படுக்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. தலைவலியோடு குமட்டல் வந்தால் அன்று மேலே போகக் கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அந்த நிமிடமே இறங்க வேண்டும். உயரத்தால் வரும் நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை நண்பர் கொடுத்தார் என்று போடாதீர்கள், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சேராமல் போகலாம், கிளம்பும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். முன்சியாரி தாண்டினால் போன் சிக்னலை நம்ப முடியாது, பணத்தை ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு உறவினர் கொடுத்த சாட்டிலைட் போனை எடுத்துப் போகாதீர்கள், அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், அதுவும் எல்லையோரத்தில். இறங்கி வரும்போது முன்சியாரி ராஜ்மா வாங்கி வாருங்கள், புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு.

அந்த அட்டவணைக்குத் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். போட்டால் பெர்மிட் விஷயத்தையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உள்கோட்டு அனுமதி (இன்னர் லைன் பெர்மிட்) இல்லாமல் இந்தோ-திபெத் எல்லைப் போலீஸ் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது, அதை முன்சியாரி எஸ்.டி.எம். (நம்மூர் கோட்டாட்சியர் மாதிரி) அலுவலகத்தில் அடையாள அட்டை, போட்டோவோடு வாங்க வேண்டும். அரசு அலுவலகம், ஞாயிற்றுக்கிழமை திறக்காது. உங்கள் அட்டவணைப்படி வாசகர்கள் முன்சியாரி போய்ச் சேருவது சனிக்கிழமை சாயங்காலம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு