விக்ராந்தின் கொதிகலன் அறையில் அப்பா

ஐயா,

டிசம்பர் 4 கடற்படை நாளையொட்டி, 1971 இந்திய-பாகிஸ்தான் போர் பற்றி நீங்கள் வெளியிட்ட பக்கத்தைக் கண்கலங்கப் படித்தேன். சென்ற மாதம் மறைந்த என் அப்பா அப்போது ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலில் பொறியியல் அதிகாரி. கப்பலை ஓட்டும் நீராவியைத் தரும் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். மீதி மூன்றை நம்பித்தான் வங்கக் கடலுக்குப் போனார்கள். அங்கிருந்து பறந்த சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கின. விமானிகளைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். கீழே வெக்கையில் வெந்தவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

கப்பல் கரை தொட்டபோதெல்லாம் கொழிஞ்சாம்பாறைக்கு இன்லேண்டு கடிதம் வரும். மூலையில் கட்டம் போட்டு எனக்கென்று ஒரு கணக்கு இருக்கும். விடையை நான்தான் எழுதி அனுப்ப வேண்டும். லீவில் வந்தால், சீருடையைப் போலவே மடிப்புக் கலையாமல் என் பள்ளிப் பாவாடையைத் தேய்த்துத் தருவார். அம்மாவை அடுப்படிப் பக்கமே விடமாட்டார்.

கொச்சியில் கட்டிய புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்ததை, தொலைக்காட்சி முன் நின்றுகொண்டே பார்த்தார்.

எங்கள் எல்லையோரத் தமிழ் ஊர்களில் அந்தக் காலத்துக் கடற்படையினர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை உங்கள் நிருபர்கள் இப்போதே வந்து பதிவு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்