எந்த மண்ணுக்கு ஒட்டாது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நூல் மதிப்புரை எழுதியவர், விசித்திரக் கதைகள் நம் மண்ணுக்கு ஒட்டாதவை, படிப்பவனை மனிதர்களிடமிருந்து பிரித்துவிடும் என்று போகிற போக்கில் தீர்ப்பு எழுதிவிட்டார். எந்த மண் என்று சொல்லியிருக்கலாம். அப்படிப்பட்ட கதைகளை எழுதிய மௌனி பிறந்த செம்மங்குடி நம் காவிரி டெல்டாவில்தான் இருக்கிறது. கும்பகோணத்தில் ஜரிகை வியாபாரம் பார்த்த எம்.வி. வெங்கட்ராம், தன் காதில் கேட்ட குரல்களையே 'காதுகள்' நாவலாக்கி, 1993-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். தங்களுக்குத் தெரியாததா!

என் மாமியாருக்கும் குரல்கள் கேட்டன. கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பவர், யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிக் கையில் சாம்பலோடு வாசலுக்கு ஓடுவார். மந்திரித்தோம், மனநோய் தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்கு அழைத்துப் போனோம், மருத்துவரிடமும் காட்டினோம். மாத்திரையில் குரல்கள் அடங்கின, வெட்கம் அடங்கவில்லை. யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மத்தியான வேளைகளில் நான் 'காதுகள்' நாவலை உரக்கப் படிப்பேன். கதாநாயகன் மகாலிங்கத்தின் காதுக்குள் குரல்கள் கும்மாளமிடும் இடத்தில் "இவருக்குமா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாளைத் தானே கூப்பிட்டு, "நீயும் கேளேன்" என்றார். கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள், தன் அண்ணனுக்கும் இப்படித்தான் என்று அழுதுவிட்டார். வருஷக்கணக்காக ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள் நாங்கள். அப்படியொரு அண்ணன் இருந்ததே அன்றுதான் தெரியும். இதற்குப் பெயர் பிரிப்பதா?

மதிப்புரையாளர் பக்கத்திலுள்ள தாராசுரம் கோயிலுக்கும் ஒருமுறை வந்து போகட்டும். யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாக அங்கே ஒரு சிற்பம் உண்டு. யானை உடலைக் கையால் மறைத்தால் காளை, காளை உடலை மறைத்தால் யானை. வடக்கத்திக்காரர் ஒருவருக்கு வலங்கைமான் பையன் ஒருவன் அதை மறைத்து மறைத்துக் காட்டியதைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, இவனுக்கு இந்தி தெரியாது. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கியவனுக்கு, மண்ணுக்கு ஒட்டாது என்று சொல்ல ஆள் இல்லை போலும்.

உங்களிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2016 மகாமகத்துக்கு நீங்கள் போட்ட சிறப்பிதழில் டிகிரி காபிக்கு முழுப் பக்கம். கும்பகோணத்து எழுத்தாளர்களுக்கு ஒரு வரி இல்லை. 2020-இல் வெங்கட்ராமுக்கு நூற்றாண்டு. கொரோனா காலம், போகட்டும். அப்போது நான் எழுதிய கடிதத்தில் பாராட்டியிருந்த முதல் பத்தியை மட்டும் வெளியிட்டீர்கள். மிக்க நன்றி.

ஞாயிறு இணைப்பில் ராசிபலன் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்றை எடுத்துவிட்டு, முன்பு வந்துகொண்டிருந்த சிறுகதையை மறுபடி போடுங்கள். கேட்பது இவ்வளவுதான். இந்தக் கடிதத்தையும் வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் தாராசுரத்தை வெட்டுங்கள். என் மாமியாரை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
கும்பகோணம்