புருவத்தைத் தூக்கச் சொன்ன டாக்டர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அன்று போனில் நீ கேட்டதற்கெல்லாம் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். 'ப', 'ம' எதுவும் உதட்டில் நிற்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐந்து வாரம் முன்பு, காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாகச் சட்டையில் ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கிக் கிடக்கிறது, இடது கண் மூட மறுக்கிறது. பக்கவாதம்தான் என்று வீட்டில் அழுகை. உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார். அப்புறம், "புருவத்தை மேலே தூக்குங்க" என்றார். வலப்பக்க நெற்றியில் மட்டும் சுருக்கம் விழுந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. நெற்றித் தசைக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறதாம். பக்கவாதத்தில் ஒரு பக்கம் அடிபட்டாலும் மறுபக்கம் கைகொடுக்கும், நெற்றி பெரும்பாலும் சுருங்கும். நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டால் கோளாறு பெரும்பாலும் மூளைக்கு வெளியே, முகத் தசைகளை அசைக்கும் நரம்பில். எனக்கு வந்தது முகவாதம். ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் பெல் 1821-இல் இந்த நரம்பைப் பற்றி எழுதியதால் 'பெல்ஸ் பால்சி' என்கிறார்கள்.

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் இது ஏழாவது. காதருகே எலும்புக்குள் குறுகலான பாதையில் நெளிந்து வருகிறது. அங்கே வீங்கினால் விரிய இடமேது? நெரிபட்டுப் போகிறது.

அந்த வாரம் குக்கர் விசில் இடது காதைக் குடைந்தது. நாக்கின் இடப்பக்கத்தில் ரசம் ருசிக்கவில்லை. புதுப்புது நோய் வருகிறதோ என்று பயந்தேன். எல்லாம் ஒரே நரம்பாம்! பெருஞ்சத்தத்தைத் தணிக்கும் குட்டித் தசை நடுச்செவியில் இருக்கிறது, அதை இயக்குவதும் இந்த நரம்புதான். நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குச் சுவையும் இதன் வழியாகத்தான் போகிறது. ஆனால் கன்னத்தைக் கிள்ளினால் நன்றாக வலித்தது. தொடு உணர்வு ஐந்தாவது நரம்பின் வேலை. இத்தனை வருஷம் இந்த முகத்தோடு வாழ்ந்தும் இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாதே என்று மலைத்துப்போனேன்.

72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் நல்லதாம், அன்றே தொடங்கிவிட்டார்கள். கண் காயாமலிருக்கச் சொட்டு மருந்து, ராத்திரி இமைமேல் டேப். கண்ணை மூட முயன்றால் விழி மேலே ஏறி வெள்ளை மட்டும் தெரியும். பேத்தி கொஞ்ச நாள் என் பக்கமே வரவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

மூன்றாவது வாரம் உதட்டோரம் லேசாகத் துடித்தது. இழை அறுந்திருந்தால் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான் நரம்பு வளருமாம். வழி தவறி வளர்ந்தால் சிலருக்குச் சிரிக்கும்போது கண் தானாக மூடிக்கொள்ளும். எனக்கு இதுவரை அப்படியில்லை.

உனக்கும் சர்க்கரை இருக்கிறது, மாப்பிள்ளை. சர்க்கரைக்காரர்களுக்கு இது வர வாய்ப்பு கூடுதல் என்றார் டாக்டர். மாத்திரையை விட்டுவிடாதே. வாய் கோணினால் வீட்டிலேயே புருவத்தைப் பார்த்து முடிவு கட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

ஹாஸ்டல் மாடியிலிருந்து சீழ்க்கை அடித்து உன்னைக் கூப்பிடுவேனே, அது இன்னும் வரவில்லை, வெறும் காற்றுதான் போகிறது. தினமும் முயன்று பார்க்கிறேன். பொங்கலுக்கு வா.

உன் பழைய அறைத்தோழன்